மரகதம் வாயை மூடவும்

போன மாதம் எங்கள் பழைய ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. புதிதாக வந்திருக்கிற டாக்டரம்மா. நல்ல பெண்தான், ஆனால் சிரிப்பைச் சீட்டு எழுதி வாங்க வேண்டும்.

"ஆயா, நோட்டெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திக்கினு இருக்கோம். ஒவ்வொரு பக்கத்துலயும் மேல நாலு வரி இருக்குது. மூணு புரியுது. நாலாவது வரியில 'மரகதம் வாயை மூடவும்'னு இருக்குது. இது இன்னா ரூல்? அதையும் ஏத்தணுமா?"

"எல்லா நோட்லயுமாம்மா இருக்குது?"

"கடைசி பதினோரு நோட்லயும். வேற வேற கையெழுத்து. இப்ப சீட்டு எழுதற பொண்ணுகூட எழுதுது. ஏன்னு கேட்டா, 'மேடம், முந்தின நோட்ல இருந்துச்சு'ங்குது. மரகதம்னா எதுனா மருந்தா ஆயா?"

"ஆமாம்மா. கசப்பு மருந்து. நான்தான் அது."

அந்தப் பெண்ணுக்கு அன்று போனில் சொன்னதைத்தான் இங்கே சொல்கிறேன். நான் மூன்றாவது வரை படித்தவள். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். என் பேச்சைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டுவிட்டாள். ஆட்கள் பேசுகிற இடத்தில் மட்டும் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

மாகறலிலிருந்து கல்யாணமாகி காஞ்சிபுரம் வந்தவள் நான். முதலில் பட்டு நூல் இழைக்கிற வேலைக்குப் போனேன். நூலைவிட உன் நாக்கு நீளம், அறுந்தும் தொலையமாட்டேங்குது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் தேவசகாயம் டாக்டர் சொந்தமாக நடத்திய கால்நடை ஆஸ்பத்திரியில் பெருக்கிக் கழுவப் போனேன். ஊரில் அதற்குப் பெயர் மாட்டாஸ்பத்திரி. துடைப்பத்திலிருந்து மாட்டைப் பிடிக்கிற வேலைக்கு வந்தேன், மாட்டைப் பிடித்ததிலிருந்து நோட்டைப் பிடிக்கிற வேலைக்கு வந்தேன். இருபத்தாறு வருஷம் அப்படிப் போனது.

டாக்டர் ஆள் ஒல்லி. மனிதர்களிடம் பத்து வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். மாடு வந்தாலும் நாய் வந்தாலும் "வாங்க" என்று எழுந்து நிற்பார். அவற்றை ஓட்டிக்கொண்டு வந்தவர்களை "உக்காருங்க" என்பதோடு சரி. நான் சொல்லும் ஜோக்குக்கு வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் சிரிப்பார்கள். அவர் மட்டும் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து மாட்டிக்கொள்வார்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். ஒரு நாய்க்குட்டியின் பீயை உப்புத் தண்ணீரில் கலக்கி, மேலே மிதந்ததில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் வைத்திருந்தார். முதலில் என் கண்ணிமை மயிர்தான் தெரிந்தது. அப்புறம் ஒரு முட்டை. கண்ணாடிபோல் தோல், உள்ளே திராட்சைக் கொத்து மாதிரி உருண்டைகள். பக்கத்தில் இன்னொன்று, அப்பால் பத்து. ஒரு சொட்டில் ஒரு தெருவே குடியிருந்தது. எனக்கு அருவருப்பு வரவில்லை, பயம்தான் வந்தது, சாமி தேர் திரும்பும்போது வருமே அந்த மாதிரிப் பயம். யார் உட்கார்ந்து இவ்வளவு நுணுக்கமாக இதைச் செய்தது?

"இன்னா சார் இது?"

"பூச்சி முட்டை. மருந்து குடுத்தா போயிடும்."

இந்தப் பூச்சி என்கிற சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் வயிற்றில் நெளிவதும் பூச்சி, தோலில் ஒட்டுகிற உண்ணியும் பூச்சி, அரிசியில் ஊர்வதும் பூச்சி. அதோடு இன்னொன்று. வாய்க்குள் போனால் மருந்து குடுத்தோம் என்போம். ஊசி என்றால் போட்டோம் என்போம். இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஒரு உயிர் விழுந்த கதைதான் இது.

கமலா டீச்சர் கணக்கு வாத்தியார் வேலையிலிருந்து ரிட்டயர் ஆனவர். என் மகளுக்கும் அவர்தான் டீச்சர். "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில்" என்பது அவர் வகுப்பில் சட்டம். கூட ஒரு வரி எழுதினாலும் சிவப்பு மையால் அடிப்பார். வீட்டுக்காரர் காலமானபின், இங்கிலாந்தில் இருக்கும் ஒரே மகள் தன்னோடு வந்துவிடச் சொன்னாள். அவளுக்கு அது பிரசவ மாதம். டீச்சர் ஒரு நிபந்தனை போட்டார், துரையும் வரவேண்டும்.

துரை டீச்சர் வளர்த்த நாய். நீள மூக்கு, கழுத்தைச் சுற்றி வெள்ளை மயிர், நாலு பாதமும் வெள்ளை. அந்த ஜாதிக்குக் கோலி என்று பெயராம். "கோலின்னா கோலிகுண்டா டீச்சர்? அடிச்சா உருளுமா?" என்று முதல் நாளே கேட்டுவிட்டேன்.

அந்த ஊருக்கு நாய் போவது மனிதன் போவதைவிடக் கஷ்டம். ஊசிச் சான்று, காகிதம், முத்திரை என்று டீச்சர் மாதக்கணக்கில் அலைந்தார். கடைசியில் ஒரு சடங்கு பாக்கி. அங்கே இல்லாத ஒரு நாடாப்புழு நாயோடு ஏறி வந்துவிடக் கூடாதாம். அதனால் டாக்டர் தன் கையாலேயே மாத்திரையை வாயில் போட்டு, நேரம் எழுதி, முத்திரை குத்த வேண்டும். அதற்கப்புறம் ஒரு முழு நாள் கழிந்துதான் அந்த மண்ணில் கால் வைக்கலாம், ஐந்து நாளைத் தாண்டவும் கூடாது. கேட்டதும் எனக்கு மலைப்பாக இருந்தது. எள் அளவு பூச்சிக்கு ஒரு தேசமே கதவைச் சாத்திக்கொண்டு நிற்கிறது.

வெள்ளிக்கிழமை பிளேன். செவ்வாய்க்கிழமை காலை டீச்சர் துரையோடு வந்தார். எனக்குக் குஷி.

"இன்னா டீச்சர், துரை சொந்த ஊருக்குத் திரும்பறாரா? கப்பம் வசூல் முடிஞ்சிதா?"

"முடிஞ்சுது மரகதம்."

துரையின் வாயிலிருந்து எச்சில் இழை இழையாக வழிந்துகொண்டிருந்தது.

"பாருங்க, அந்த ஊரு பிஸ்கோத்த நெனச்சிக்கினு ஊத்தறாரு."

"காலையிலேர்ந்து இப்படித்தான். கொஞ்சம் மந்தமாவும் இருக்கான். நேத்து தாமல்ல என் தம்பி வீட்டுக்குச் சொல்லிக்கப் போனோமா, அங்க..."

"தாமல்ல பொண்ணு பாக்கவா இட்டுனு போனீங்க? அவரு வெள்ளக்காரி கட்டிக்கிற ஆளு டீச்சர், ஏரிக்கரைப் பொண்ணெல்லாம் ஒத்துக்கமாட்டாரு!"

டீச்சர் சிரித்துவிட்டார். பின்னால் ஒரு ஆட்டுக்காரர் இன்னும் சத்தமாகச் சிரித்தார். எனக்கு அதில் ஒரு பெருமை. நோட்டைத் திறந்து கேட்டேன்.

"பூச்சி மருந்து எதுனா குடுத்தீங்களா?"

"குடுக்கலை."

'இல்லை' என்று எழுதினேன்.

உள்ளே டாக்டர் எழுந்து நின்று, "வாங்க துரை" என்றார். எச்சிலைப் பார்த்து, "ஏன் இப்படி?" என்று டீச்சரிடம் கேட்டார். கேட்டது டீச்சரை. பதில் சொன்னது நான். "ஆட்டோல வந்துச்சு சார். குலுக்கல்."

இத்தனை வருஷமாக என் நோட்டை நம்பியவர், அதையும் நம்பினார். துரையின் தாடையை உயர்த்தி, மாத்திரையை நாக்கின் அடி வரை தள்ளி, வாயை மூடி, தொண்டையைத் தடவிக்கொண்டே நின்றார். நாய் தன் மூக்கை நக்கினால்தான் மாத்திரை உள்ளே இறங்கியது என்று அர்த்தம். துரை நக்கியது. டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முதலில் நேரம் எழுதினார், அப்புறம் கையெழுத்து, அப்புறம் முத்திரை.

மத்தியானம் ஒரு ஆட்டோ வந்து நின்றது. டீச்சரும் ஆட்டோக்காரரும் துரையைப் போர்வையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கால்கள் துணி மாதிரித் தொங்கின. கண் இரண்டும் திறந்திருந்தன. கறுப்பு முழுக்க விரிந்து, கோலிகுண்டு மாதிரியே. டாக்டர் டார்ச் அடித்தார். அந்தக் கறுப்பு சுருங்கவில்லை. முகத்துக்கு நேரே கையை வீசினார். இமைக்கவில்லை.

அவர் கத்தவில்லை. என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"காலையில நீ என்னா கேட்ட? அதே வார்த்தையில சொல்லு."

"பூச்சி மருந்து எதுனா குடுத்தீங்களான்னு கேட்டேன் சார்."

"டீச்சர், நீங்க?"

"குடுக்கலைன்னு சொன்னேன். குடுக்கலை சார். நேத்து உடம்பு பூரா உண்ணி. தாமல்ல மாட்டுக்கு ஊசி போடறவர் ஒருத்தர் வந்திருந்தார். பூச்சிக்குன்னு ஒரு ஊசி போட்டார். குடுத்தீங்களான்னுதான கேட்டாங்க..." சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. "சொல்ல ஆரம்பிச்சேன் மரகதம். தாமல்லன்னு ஆரம்பிச்சேன்."

ஆரம்பித்தார். நான்தான் நடுவில் கல்யாணப் பேச்சைக் கொண்டுவந்து வைத்தேன்.

டாக்டர் தாமலுக்குப் போன் போட்டு, அந்த மருந்துப் புட்டியில் இருந்த எழுத்தை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். எழுதிக்கொண்டு, பேனாவை மூடினார். பிறகு அன்று வரை பேசாத அளவுக்கு எங்களிடம் பேசினார். அவர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் எங்களுக்குப் புரியவேண்டும் என்று கோயிலைத்தான் எடுத்தார்.

"கருவறை வாசல்ல துவாரபாலகர் ரெண்டு பேர் நிக்கறாங்க இல்ல? அந்த மாதிரி மூளைக்கும் காவல் உண்டு. இந்த ஊசி பூச்சியக் கொல்லும். மாட்டுக்கோ நாட்டு நாய்க்கோ போட்டா, மூளை வாசல்ல அந்தக் காவல் வெளிய தள்ளிடும். இந்த ஜாதியில பல நாய்ங்களுக்குப் பிறவியிலேயே அந்தக் காவல் கிடையாது. நேரா உள்ள போயிடும். அதுவும் இவருக்குப் போட்டது மாட்டு அளவு. காலையில நான் குடுத்த மாத்திரையில ரெண்டு மருந்து, அதுல ஒண்ணு அந்த ஊசிக்குப் பங்காளி. தனியா குடுத்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. ஏற்கெனவே உள்ள ஆள் இருக்கும்போது அதுவும் போய்ச் சேந்துக்கிச்சு."

"மாத்து மருந்து சார்?" என்றார் டீச்சர்.

"கிடையாது. உள்ள போனது தானா வெளிய வரணும். அதுவரைக்கும் நாமதான் காவல்."

நான் எத்தனையோ தடவை அந்த வாசல் முன்னால் நின்று கும்பிட்டிருக்கிறேன். கதாயுதம் பிடித்து, கோரைப்பல் காட்டி, ஒரு விரலை நீட்டி எச்சரிக்கிற அந்த இரண்டு பேரைச் சிலை என்றுதான் நினைத்திருந்தேன். ஒவ்வொரு தலைக்குள்ளேயும் அவர்கள் நிற்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என் தலைக்குள் நிற்கிறார்கள், தெருநாய் தலைக்குள் நிற்கிறார்கள். இந்தத் துரைக்கு மட்டும் வாசல் திறந்து கிடக்கிறது. இது தெரியாமல்தான் நாமெல்லாம் மாத்திரை விழுங்கித் தண்ணீர் குடிக்கிறோம்.

மருந்து அறையில் பாய் விரித்துத் துரையைக் கிடத்தினோம். பகல் முழுக்க என் முறை, மற்ற நேரம் டாக்டரும் வாட்ச்மேனும். வேலையை டாக்டர் ஒரு முறைதான் சொல்வார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும். இடது பக்கம், மார்பு, வலது பக்கம். ஒரே பக்கம் கிடந்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். கண் இமைக்காததால் காய்ந்துவிடும், களிம்பு போட வேண்டும். வெளியே தொங்கும் நாக்கை ஈரத் துணியால் ஒற்ற வேண்டும். தானாக மூத்திரம் போகாது, அடிவயிற்றை மெதுவாக அமுக்க வேண்டும். டிரிப் ஏறிய காலிப் பாட்டில்களில் வெந்நீர் நிரப்பி, துணி சுற்றி, இரண்டு பக்கமும் அணைத்துவைக்க வேண்டும். மூச்சை எண்ண வேண்டும். எனக்கு நூறுக்கு மேல் எண்ண வராது. நல்ல வேளை, நிமிஷத்துக்குப் பத்து பன்னிரண்டுதான் வந்தது.

டீச்சர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மகள் போனில் அழுதாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"அம்மா, டிக்கெட் போயிடும்மா. எனக்கு எப்ப வேணா வலி வரலாம். நாய்தானேம்மா..."

"உன்கூட உங்க வீட்டுக்காரர் இருக்கார், ஆஸ்பத்திரி இருக்கு. இவனுக்கு நான் பேசறது கேக்குதான்னே தெரியல. தெரியாம எப்படிடி எழுந்து வர்றது?"

வெள்ளிக்கிழமை பிளேன் போனது. சனிக்கிழமை பேத்தி பிறந்தாள். போனில் படம் வந்தது. டீச்சர் அதை என்னிடம் காட்டி, "மூக்கு அவ தாத்தாவோடது" என்றார். என்மேல் ஒரு சொல் இல்லை, ஒரு பார்வை இல்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன், எனக்கு அது பழக்கம்தான். அவருடைய கை பிடித்துப் பிறந்திருக்க வேண்டிய குழந்தை, என் ஒரு ஜோக்கால் போனில் பிறந்தது. ஐந்து நாள் என் வாயிலிருந்து வேலைக்கு வேண்டிய சொல்லைத் தவிர ஒன்றும் வரவில்லை. வாட்ச்மேன் எனக்குக் காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை வாங்கிக்கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சுக்குப் போகாமல் டாக்டர் வந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். வாசல் பக்கம் போய்க் கை கழுவ ஆரம்பித்தார். முழங்கை வரை நுரை போட்டு, ஒவ்வொரு விரலாகக் கழுவுவார், அதற்கு நேரமாகும். டீச்சர் காபி வாங்கப் போயிருந்தார். நானும் துரையும் மட்டும். புரட்டுகிற நேரம். கனக்கிற உடம்பை மார்பில் தாங்கித் திருப்பினேன். காது பக்கத்தில் இருந்தது. என்னையும் மீறி வந்துவிட்டது.

"இன்னா துரை, வெள்ளக்காரங்க இருநூறு வருஷம் இருந்துட்டு, போன்னா போயிட்டாங்கோ. நீ ஒருத்தன்தான் டிக்கெட் எடுத்தும் போவமாட்டேன்னு படுத்துனு கீற."

பாயில் ஏதோ தட்டியது. பல்லி என்று நினைத்தேன். மறுபடியும் தட்டியது. வாலின் நுனி. ஒரு விரல் நீளம்தான், உயர்ந்து விழுந்தது. கண் இன்னும் அதே கோலிகுண்டு, ஒன்றும் பார்க்காத கண். ஆனால் அந்த இருட்டுக்குள்ளிருந்து எவனோ கேட்டுக்கொண்டிருந்தான்.

என் மயிர்க்கால் ஒவ்வொன்றும் நின்றது. திரை விலகித் தீபாராதனை காட்டும்போது ஒரு நொடி ஊரே மூச்சைப் பிடிக்குமே, அந்த நொடி அந்த மருந்து அறைக்குள் வந்து நின்றது. "சார்" என்று கத்தினேனா என்று எனக்கே தெரியாது. டாக்டர் முழங்கை நுரையோடு ஓடிவந்தார். வாலைப் பார்த்தார். அது நின்றுவிட்டிருந்தது.

"என்னா சொன்ன?"

"ஒண்ணும் இல்ல சார். ஒரு... ஜோக்கு."

"இன்னொண்ணு சொல்லு."

அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த மனிதர் என்னிடம் ஜோக் கேட்கிறார். என் வாயில் ஒன்றும் வரவில்லை. சத்தியமாக ஒன்றும் வரவில்லை. "துரை, துரை" என்று மட்டும் சொன்னேன். வால் தட்டியது. காபியோடு வந்த டீச்சர் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். டாக்டர் சிரித்தார். பல் வரிசை நன்றாகத்தான் இருந்தது, ஏன் இத்தனை வருஷம் ஒளித்துவைத்தார் என்று தெரியவில்லை.

கண் திரும்ப ஒரு வாரம், நடக்க இன்னொரு வாரம். சுவரில் முட்டி, வாளியில் முட்டி, கடைசியில் என் புடவையைக் கண்டுபிடித்து அதன் பின்னாலேயே சுற்றியது. ஒரு மாதம் கழித்து டீச்சர் மறுபடி டிக்கெட் எடுத்தார். மறுபடி மாத்திரை. இந்தத் தடவை நாடாப்புழுவுக்கு மட்டுமான மாத்திரை, அந்த ஊசிக்கு உறவே இல்லாத வேறு குடும்பம் என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். இரண்டு முறை சொல்கிற மனிதர் இல்லை அவர்.

நான் புது நோட்டின் பக்கத்தில், மேலே, எழுத்துக்கூட்டி மூன்று வரி எழுதிவைத்திருந்தேன். வரிசையாகக் கேட்டேன்.

"வயித்துப் பூச்சிக்கு வாயில எதுனா குடுத்தீங்களா?"

"இல்லை."

"உண்ணிக்கோ தோலுக்கோ ஊசி, தைலம் எதுனா போட்டீங்களா?"

"இல்லை."

"வூட்டுல, கொட்டாயில பூச்சிக்கு எதுனா அடிச்சீங்களா?"

"இல்லை."

மூன்றுக்கும் 'இல்லை' எழுதி, நிமிர்ந்து, "அப்போ துரைக்கு..." என்று ஆரம்பித்தேன். டீச்சர் கையை நீட்டினார். ஒரு விரல். கருவறை வாசலில் நிற்கிறவர்கள் நீட்டுகிற அதே மாதிரி.

"இன்னும் ஒரு கேள்வி இருக்கு மரகதம். 'வேற எதுனா சொல்லணுமா'ன்னு கேக்கணும். கேட்டுட்டு, அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் பேசக் கூடாது. நான் இனிமே கேட்ட கேள்விக்கு மேலயும் பதில் சொல்றேன். அதுக்கு நீ இடம் குடுக்கணும். உன் வாய்க்கும் ஒரு துவாரபாலகர் வேணும்டி."

கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். ரிட்டயர் ஆகி எத்தனையோ வருஷம் ஆகியும் அது கூடவே இருந்தது. என் மூன்று வரியில் இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்தினார். அதன் கீழே நாலாவதாக 'மரகதம் வாயை மூடவும்' என்று எழுதினார். பக்கத்திலேயே ஒரு சரி போட்டார்.

துரை மாத்திரையை விழுங்கி மூக்கை நக்கியது. டாக்டர் நேரம் எழுதினார். டீச்சர் போய்ச் சேர்ந்து, பேத்தியின் தொட்டிலுக்குக் கீழே துரை படுத்திருக்கிற படம் அனுப்பினார். அதற்குப் பின் வந்த ஒவ்வொரு நோட்டிலும் நானே அந்த நாலு வரியை எழுதினேன். எனக்குப் பின் வந்தவர்கள் காரணம் கேட்காமல் எழுதினார்கள். அவ்வளவுதான் சங்கதி.

போனில் இத்தனையும் கேட்ட டாக்டரம்மா, "பாக்கறேன் ஆயா" என்று வைத்துவிட்டாள்.

போன வாரம் என் பூனையைத் தூக்கிக்கொண்டு போனேன். நோட்டு இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் சீட்டு எழுதுகிற அந்தச் சின்னப் பெண். மூன்று கேள்வியையும் வரிசையாகக் கேட்டாள். "வேற எதுனா சொல்லணுமா ஆயா?" என்றாள். பிறகு விசைப்பலகையிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். எட்டித் திரையைப் பார்த்தேன். நாலாவது வரி, எழுத்துப் பிழை இல்லாமல், அப்படியே இருந்தது.

"சொல்லுங்க ஆயா."

"எப்பிடிமா சொல்றது? அங்க என்னிய மூடச் சொல்லி எழுதியிருக்குதே!"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. கையை மடியிலிருந்து எடுக்கவுமில்லை. சும்மா காத்துக்கொண்டிருந்தாள்.

சிரிப்பு அடங்கியது. நான் பூனையை மேஜைமேல் வைத்தேன்.

"ரெண்டு நாளா சாப்புடலமா," என்றேன். "நேத்திலேர்ந்து எச்சில் வடியுது."